பனி உலர்வதற்கு முன்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் உதவி வேளாண்மை அலுவலராக நான் பணியில் சேர்ந்த முதல் நவரை நெற்பருவத்தில், ஒரு பெரியவர் தம் கழனியிலிருந்து பிடுங்கி வந்த பொன்னித் தூரை என் மேசைமேல் வைத்து, "பனி எரிச்சிடுச்சு சார்" என்றார். இலைகளில், நடுவே சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாக, இருமுனையும் கூர்ந்த கண் போன்ற புள்ளிகள் இருந்தன. இது பனியல்ல, குலைநோய்ப் பூஞ்சணம் என்று அவரைத் திருத்தி, டிரைசைக்ளசோல் என்னும் பூஞ்சணக்கொல்லியைத் தெளிக்கச் சொன்னேன். பயிர் வெளுத்திருப்பதாக அவர் சொன்னதற்கு, கழனியைப் பார்க்காமலேயே, யூரியாவும் போடச் சொன்னேன். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், தெளித்த அன்று பச்சையாக இருந்த இலைகளிலும் புள்ளிகள் வந்திருந்தன.

மருந்து போலி என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான், கல்லூரியில் தேர்வுக்காகப் படித்து மறந்திருந்த பாடத்தைப் புரட்டினேன். காற்றில் வந்து இலையில் விழும் பூஞ்சண வித்து, ஈரம் பட்டதும் தன் நுனியிலுள்ள பசையால் மெழுகுப் பரப்பில் ஒட்டிக்கொண்டு, சில மணி நேரத்தில் முளைக்குழாய் விட்டு, அதன் முனையில் குமிழ் போன்ற ஓர் உறுப்பை உண்டாக்குகிறது. அந்தக் குமிழின் சுவரில் மெலனின் என்னும் கருநிறமி படிகிறது. உள்ளே கிளிசரால் சேர, நீர் புகுந்து, அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை, அதாவது கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு, உயர்கிறது. அந்த விசையில்தான் ஊசி போன்ற இழை இலையைத் துளைக்கிறது. (மல்லாட்டையின் துரு நோய்க்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, இலைத்துளை வழியே நுழைந்துவிடும்.) டிரைசைக்ளசோல் செய்வதெல்லாம் மெலனின் உருவாகாமல் தடுப்பதுதான், மெலனின் இல்லாத குமிழால் துளைக்க முடியாது. ஏற்கெனவே உள்ளே போன இழையை அது ஒன்றும் செய்யாது. புள்ளி கண்ணுக்குத் தெரிய நான்கைந்து நாளாகும் என்பதால், அந்தப் பச்சை இலைகள் நாங்கள் தெளிக்கும் முன்பே நோயேறியவை. யூரியா தரும் தழைச்சத்து மிகுந்தால் இந்நோய் தீவிரமாகும் என்பதையும் அதே பாடம் சொன்னது. நான் எழுதிக் கொடுத்த யூரியா அளவு அவருடைய சட்டைப்பையில் இன்னும் இருந்தது.

என்னை அதைவிட உறுத்தியது வேறொன்று. வேலூரிலிருந்து பேருந்து பிடித்து நான் கழனிக்குப் போய்ச் சேரும்போது மணி 11 ஆகியிருக்கும். இலைகள் காய்ந்து கிடக்கும். பூஞ்சணமோ இரவில் வித்துகளைப் பரப்பி, பனி உலர்வதற்குள் தன் வேலையை முடித்துவிடும். பெரியவர் பனியைப் பழித்தது முழுத் தவறல்ல. பனி நின்ற நேரத்தைத்தான் அவர் கண்டிருந்தார், நான் காணவில்லை.

அடுத்த தை மாதத்தில், விடியற்காலையின் முதல் பேருந்திலேயே போகத் தொடங்கினேன். வரப்பில் நடந்தால் முழங்கால் வரை நனையும். எத்தனை மணிக்கு இலை உலர்ந்தது என்பதை நாட்குறிப்பில் எழுதி வந்தேன். ஒன்பதைத் தாண்டியும் ஈரம் நின்ற நாட்கள் தொடர்ந்தால், புள்ளிக்குக் காத்திராமல் மருந்து தெளிக்கும்படி பெரியவருக்குச் சொல்லி அனுப்புவேன். யூரியாவைப் பிரித்துப் போட அவரே பழகிக்கொண்டார்.