கார்ட்டிலிருந்து ஃபார்முலா காருக்கு: ஒரு தந்தையின் அனுபவம்

கோயம்புத்தூரில் லேத் பட்டறை நடத்தும் எனக்கு, மகன் 13 வயதில் கார்ட் என்னும் சிறிய பந்தய வண்டியை ஓட்ட ஆசைப்பட்டபோது மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயப் பாதையும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

கார்ட்டைப் பொம்மை வண்டி என்று நினைத்திருந்தது என் அறியாமை. அதற்குக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனும் கிடையாது, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலும் கிடையாது. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுழல்வதால், வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு நூலளவாவது எழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். அதற்காக இருக்கையை அரை அங்குலம் நகர்த்துவதும், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் டயரின் காற்றழுத்தத்தைக் குறிப்பேட்டில் எழுதுவதுமாக மூன்று ஆண்டுகள் போயின. விலாக் கவசம் அணிந்தும் அவன் விலாவில் நீலம் பாரித்திருந்ததை அவன் தாயிடம் மறைத்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பந்தய உரிமம் வாங்குவது நான் அஞ்சியதுபோல் இல்லை. படிவத்தில் இரத்த வகையைக் குறிப்பிட மறந்து ஒரு வாரத்தை வீணாக்கியது என் கவனக்குறைவு மட்டுமே.

அடுத்த படியாக, ஒற்றை இருக்கைக் கார்களுக்கான தொடக்கநிலை இந்தியப் பந்தயமான எல்ஜிபி ஃபார்முலா 4ஐத் தேர்ந்தோம். பெயரில் 4 இருந்தாலும், ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் உரிமத்துக்கு இதில் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. அந்த உரிமத்துக்குப் பொதுவாக 18 வயதோடு மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் வேண்டும். உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பின் சான்றுள்ள ஃபார்முலா 4இல் பட்டமே வென்றாலும் அதிகபட்சம் 12தான். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முதல்ல கார் ஓட்டக் கத்துக்கறேன்பா" என்றான்.

கார்ட்டில் இடக்கால் பிரேக்குக்கு, வலக்கால் ஆக்சிலேட்டருக்கு. கிளட்ச் என்ற பேச்சே இல்லை. அந்தப் பழக்கத்தோடு சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. பந்தயப் பாதையில் இறங்கியவன், முதல் பயிற்சியிலேயே பிரேக் என்று நினைத்துக் கிளட்சை மிதித்துவிட, கார் வேகம் குறையாமல் பாதையை விட்டு விலகி மண்ணில் போய் நின்றது. ஊர் திரும்பியதும் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் மிதிகளையும் கியர் தண்டையும் வாங்கி, பட்டறை மூலையில் ஒரு சட்டத்தில் பற்றவைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதங்கள், பள்ளி விட்டு வந்ததும் அதில் அமர்ந்து, வலக்காலின் முன்பாதத்தால் பிரேக்கையும் அதன் ஓரத்தால் ஆக்சிலேட்டரையும் ஒருசேர மிதித்தபடி கியர் குறைக்கப் பழகினான்.

முதல் பந்தயத்தில் 14ஆவது இடத்தில் புறப்பட்டு 11ஆவதாக முடித்தான். இறங்கி வந்தவன் கையுறையைக் கழற்றிக் கொப்புளித்திருந்த உள்ளங்கையைக் காட்டினான். கியர் குமிழைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்; விதிமுறையில் அதற்கு இடமுண்டா என்று பந்தய அதிகாரிகளிடம் கேட்க வேண்டும்.