பேசுக

கோப்பு திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு, அதில் பென்சிலால் ஒரே ஒரு சொல்: "பேசுக."

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இந்தச் சொல்லின் அருமை தெரியாது. கோப்பு என்றால் அதில் இரண்டு பாகம் இருக்கும். வந்த மனுக்கள், போன கடிதங்கள் எல்லாம் ஒரு பக்கம், அவற்றைப் பற்றி நாங்கள் எழுதுகிற குறிப்பு இன்னொரு பக்கம். நான் குறிப்பு எழுதிச் சுருக்கொப்பம் போடுவேன், கண்காணிப்பாளர் பார்த்து மேலே அனுப்புவார், அதிகாரி "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ எழுத வேண்டும். எழுதிவிட்டால் அது அவருடைய முடிவு, பத்து வருடம் கழித்து யார் தூசி தட்டி எடுத்தாலும் பச்சை மையில் அவர் கையெழுத்து அங்கே இருக்கும். "பேசுக" என்று வந்தால் கதை வேறு. நான் உள்ளே போய் நிற்பேன், அவர் வாயால் சொல்வார், வெளியே வந்து பழைய தாளை உருவிவிட்டுப் புதுத் தாளில் அவர் சொன்னதை என் யோசனை மாதிரி எழுதி வைப்பேன், அதற்குக் கீழே அவர் சமர்த்தாகக் கையெழுத்துப் போடுவார். நாளைக்கு யாராவது கேட்டால் "பிரிவிலிருந்து வந்த குறிப்பின்படி" என்று சொல்லிவிடலாம். பிரிவு என்றால் நான்தான்.

முன்பெல்லாம் இந்தப் "பேசுக"வைக் குறிப்புத் தாளிலேயே எழுதுவார்களாம். தகவல் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-ல் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க்கு கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம். மக்கள் கடிதங்களை மட்டுமா கேட்டார்கள், குறிப்புப் பக்கத்தையும் கேட்டார்கள். 2006-ல் மத்திய அரசு இந்தக் குறிப்புகளைச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கத் திருத்தம் கொண்டுவரப் பார்த்தது, எதிர்ப்பு கிளம்பவே கைவிட்டது. எங்கள் ஆபீஸில் ஒட்டுச்சீட்டு பெருகியது அதற்கு அப்புறம்தான் என்று பழைய கண்காணிப்பாளர் ஒருவர் சொல்வார். ஒட்டுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம், பென்சிலை அழித்துவிடலாம். வெளிப்படைத்தன்மைக்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த பதில் பத்து ரூபாய் ரப்பர்.

நானும் பல வருடம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயால் சொன்னால் செய்வதுதானே வேலை என்று இருந்தேன், அந்தப் பந்தல் விவகாரம் வரும்வரை.

ஒரு மாலை ஆறரை மணி, பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம். அலுவலக உதவியாளர் ஓடிவந்து, "மேடம், ஐயா கூப்பிடுறாரு" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு அமைச்சர் வருகிறார், பந்தல், நூறு நாற்காலி, மைக், டிபன் எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அதிகாரி. "சார், கொட்டேஷன் எதுவும் வாங்கலையே" என்றேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா, மேலிடத்துல சொல்லிட்டாங்க" என்றார். இந்த மேலிடம் யார் என்று இத்தனை வருட சர்வீஸில் ஒருவரும் எனக்குப் பெயர் சொன்னதில்லை, கடவுள் மாதிரி, இருக்கிறார் என்று மட்டும் தெரியும். அமைச்சர் வந்தார், இருபது நிமிடம் இருந்தார், இட்லியைத் தொடவில்லை. பில் 48,600 ரூபாய்.

இரண்டு வருடம் கழித்துத் தணிக்கை வந்தது. விலைப்புள்ளி பெறவில்லை, முன் அனுமதி இல்லை, தொகையைச் சம்பந்தப்பட்டவரிடம் வசூலிக்கலாம் என்று தணிக்கைத் தடை. சம்பந்தப்பட்டவர் யார் என்று கோப்பைப் புரட்டினால் அமைச்சர் பெயர் எங்கும் இல்லை, அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார், முதல் கையெழுத்து என்னுடையது. சார்ஜ் மெமோ வந்தது, பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ), ஆபீஸ் பேச்சில் "பதினேழு பி". பழைய அதிகாரிக்குப் போன் செய்தேன். "நானா அப்படிச் சொன்னேன்? ஞாபகமே இல்லையேம்மா" என்றார், கோபமாகக்கூட இல்லை, ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். கடைசியில் பின்னேற்பு, அதாவது செலவு முடிந்த பிறகு தருகிற அனுமதி, வாங்கி, நான் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதி, குற்றச்சாட்டைக் கைவிட 14 மாதம் ஆயிற்று. அதற்குள் பதவி உயர்வுப் பேனல் வந்து போய்விட்டது. மெமோ நிலுவையில் இருந்தால் பெயர் ஏறாது. எனக்குப் பின்னால் சேர்ந்த தம்பி இப்போது எனக்குக் கண்காணிப்பாளர். நல்ல பையன், "அக்கா" என்றுதான் கூப்பிடுவான், அதனால் வலி குறைந்துவிடவில்லை.

அந்த 14 மாதத்தில்தான் முந்த்ரா விவகாரத்தைத் தேடித் தேடிப் படித்தேன். அமைச்சரின் பொறுப்பு என்றாலே நம் ஆட்கள் பாலம் உடைந்து நடந்த 1956 அரியலூர் ரயில் விபத்தையும் அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியின் ராஜினாமாவையும் சொல்வார்கள். சரி, அது பெரிய மனது. ஆனால் பாலம் உடைந்ததற்கு யாரும் வாயால் உத்தரவு போடவில்லை. என் மாதிரி ஆட்களுக்குப் பாடம் முந்த்ராவில்தான் இருக்கிறது. எல்.ஐ.சி. தொடங்கியது 1956 செப்டம்பரில். மறு வருடமே ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியது, அதுவும் தன் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே. 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி, ஆளுங்கட்சி எம்.பி., பிரதமரின் மருமகன், மக்களவையில் எழுந்து இதைக் கிழித்தார். நிதியமைச்சர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேல். நீதிபதி எம்.சி. சாக்ளா கமிஷன் பம்பாயில் வெளிப்படையாக விசாரித்தது, கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள்.

அங்கே நடந்தது அப்படியே எங்கள் ஆபீஸ் சண்டைதான். அமைச்சர் ஒப்புக்கொண்ட பிறகுதான் செய்தோம் என்பது செயலாளர் கட்சி, நான் முன்கூட்டி ஒப்புதல் தரவில்லை என்பது அமைச்சர் கட்சி. தீர்த்து வைக்க அமைச்சரின் கையெழுத்தோடு ஒரு தாள் இல்லை. ஒன்றேகால் கோடியும் பேச்சிலேயே முடிந்திருக்கிறது, என் பந்தலைப் போல! சாக்ளா ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேலையை முடித்தார். செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் அரசியல் சட்டப்படி பொறுப்பு, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று எழுதினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். அப்புறம் மீதியையும் படித்துத் தொலைத்தேன். டி.டி.கே. 1963-ல் மறுபடி நிதியமைச்சர். பணியை விட்டுப் போன படேல் அரசியலுக்கு வந்து 1977-ல் ஜனதா ஆட்சியில் அதே நிதியமைச்சர். பெரிய ஆட்கள் விழுந்தால் எழுந்துகொள்கிறார்கள், நமக்கு இன்கிரிமென்ட் கட்டானால் கட்டானதுதான்.

சட்டம் எதுவும் சொல்லவில்லையா என்றால், அழகாகச் சொல்லியிருக்கிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கான 1968-ம் வருட நடத்தை விதிகளில், மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில்தான் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் போட்ட வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: வாய்மொழி உத்தரவில் அரசு ஊழியர் இயங்கக் கூடாது, எழுத்தில் பதிவு இல்லாவிட்டால் தகவல் உரிமைக்கே அர்த்தமில்லை, மாநிலங்களும் இதே மாதிரி உத்தரவு போட வேண்டும். தீர்ப்பை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். "சார், இதை எழுத்துல குடுங்க" என்று கேட்கிற வாய்தான் இன்னும் வரவில்லை. கேட்டால் அடுத்த மாதம் நூறு கிலோமீட்டர் தள்ளி மாற்றல், வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை.

ஆனால் எழுதுகிற கை இருக்கிறதே. போன வாரம் விலையில்லா தையல் மெஷின் பட்டியல் தயாரானது, நாற்பது பெயர். இறுதியான மறுநாள் போன் வந்ததாம், இரண்டு பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். இருவருக்கும் வருமானச் சான்று இல்லை. சேர்க்க வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கிற இரண்டு பேரை எடுக்க வேண்டும், அதில் ஒருவர் கைக்குழந்தையோடு மூன்று தடவை என் மேசைக்கு வந்துபோன பெண். அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "சரி சார்" என்றேன். வந்து குறிப்பு எழுதினேன். அதில் ஒரு வரி: "தங்கள் வாய்மொழி உத்தரவின்படி வரிசை எண் 17, 31 நீக்கப்பட்டு, வருமானச் சான்று பெறப்படாத இருவரின் பெயர்கள் சேர்க்கப்பட்டு, ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது."

தம்பி படித்துப் பார்த்தான். "அக்கா, இந்த வரி வேணுமா?" என்றான். "நீ கையெழுத்துப் போடு, அடிச்சா அவர் அடிக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். போட்டுவிட்டான்.

ஒன்பது நாள் கோப்பு அவர் மேசையிலேயே இருந்தது. இன்று மாலைதான் வந்தது. அந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு, பக்கத்தில் மஞ்சள் சீட்டு.

இன்னும் உள்ளே போகவில்லை. குறிப்புத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், ஒட்டுச்சீட்டோடு சேர்த்து. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், அவர் காலையிலேயே கலெக்டர் ஆபீஸ் போய்விடுவார். செவ்வாய்க்கிழமை போய்ப் பேசிக்கொள்ளலாம்.