சாய்கோட்டுக்கு வலது பக்கம்

கணினி வேதியியல் கட்டுரைகளில் 'பி3லிப்/6-31ஜி*' போன்ற ஒரு குறிப்பு கட்டாயம் இருக்கும். சாய்கோட்டுக்கு இடது பக்கம் இருப்பது கணக்கிடும் முறை, வலது பக்கம் பேசிஸ் செட். முறையைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுபவர்கள்கூட வலது பக்கத்தைப் பழைய கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். மற்றவர்களின் உள்ளீட்டுக் கோப்புகளைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. என் கண் முதலில் போவது அந்த வலது பக்கத்துக்குத்தான்.

மூலக்கூறின் ஆர்பிட்டால்களை, அதாவது எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் வடிவங்களை, முன்பே வடிவம் தெரிந்த சில கணிதச் சார்புகளின் கூட்டலாகத்தான் கணினி எழுதுகிறது. அந்தச் சார்புகளின் பட்டியல்தான் பேசிஸ் செட். பட்டியலை வைத்துக் கட்ட முடியாத வடிவம் விடையிலும் வராது. அணுவுக்கு இயல்பாகப் பொருந்துபவை, கருவின்மேல் கூர்முனை கொண்ட ஸ்லேட்டர் சார்புகள்; ஆனால் அவற்றை வைத்துத் தொகையிடுவது பெரும்பாடு. 1950-ல் பாய்ஸ் என்ற வேதியியலாளர், மணி வடிவக் காஸியன் சார்புகளை முன்வைத்தார். இரண்டு அணுக்களின் மேலுள்ள காஸியன்களைப் பெருக்கினால் இடையில் இன்னொரு காஸியன் கிடைக்கும், தொகையீடு எளிதாகிவிடும். ஆனால் கருவின்மேல் இருக்க வேண்டிய கூர்முனை காஸியனில் இல்லை, தொலைவிலும் அது சீக்கிரமே தேய்ந்துவிடும். ஆகவே பலவற்றைச் சேர்த்து ஒப்பேற்ற வேண்டும். எஸ்டிஓ-3ஜி என்ற பேசிஸ் செட்டின் பெயரில் உள்ள 3, ஒரு ஸ்லேட்டருக்கு மூன்று காஸியன் என்ற கணக்கு.

பெரிய பட்டியல் என்றால் நல்ல விடை என்று நினைப்பவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி அமோனியா. வெறும் எஸ் (உருண்டை), பி (இருமடல்) வகைச் சார்புகளை மட்டும் குவித்துக்கொண்டே போனால், ஹார்ட்ரீ-ஃபாக் என்ற அடிப்படை முறைக் கணக்கில் மூலக்கூறு கடைசியில் தட்டையாகிவிடும்! பிரமிடு வடிவம் வேண்டுமானால் நைட்ரஜனுக்கு, எலக்ட்ரான் பரவலை ஒரு பக்கமாகச் சாய்க்க உதவும் டி வகை முனைவாக்கச் சார்பு தேவை. எத்தனை சார்பு என்பதைவிட எந்த வகை என்பதுதான் இங்கே கேள்வி.

செலவும் லேசுப்பட்டதல்ல. ஒரு தண்ணீர் மூலக்கூறுக்கு டன்னிங் வகுத்த பேசிஸ் செட் வரிசையில் முதல் படியான சிசி-பிவிடிஸட்டில் 24 சார்புகள், அடுத்த படியில் 58, அதற்கடுத்ததில் 115. அதே மூலக்கூறில் சார்புகள் இரட்டித்தால் சிசிஎஸ்டி(டி) என்ற துல்லியமான முறையில் கணக்கு ஏறக்குறைய 16 மடங்கு நேரம் எடுக்கும். மூலக்கூறே இரட்டித்தால் 128 மடங்கு.

சிறிய பட்டியலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் நெருங்கும்போது, ஒவ்வொன்றும் தன் பற்றாக்குறைக்கு அடுத்ததன் சார்புகளைக் கடன் வாங்கிக்கொள்ளும். ஆற்றல் செயற்கையாக இறங்கும், பிணைப்பு இருப்பதைவிட வலுவாகத் தெரியும். மொத்தப் பிணைப்பே மோலுக்கு 5 கிலோகலோரி அளவுதான். அதில் ஒரு கிலோகலோரி பொய்யாக இருந்தால் என்ன மிஞ்சும்? 1970-ல் பாய்ஸும் பெர்னார்டியும் சொன்ன திருத்தத்தில், ஒரு மூலக்கூறைத் தனியே கணக்கிடும்போது மற்றதன் கருக்களையும் எலக்ட்ரான்களையும் எடுத்துவிட்டு, சார்புகளை மட்டும் அதே இடத்தில் விட்டுவைப்போம். இதற்குப் பேய் அணுக்கள் என்று பெயர். மின்சுமை பூஜ்ஜியம் என்ற வரியை வெளியீட்டுக் கோப்பில் முதன்முறை பார்ப்பவர்கள், கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி ஓடி வருவார்கள்.

எதிர்மின் அயனி என்றால் பேச்சே வேறு. ஃபுளூரைடில் கூடுதலாக வந்த எலக்ட்ரான் கருவை விட்டு வெகுதூரம் பரவிக் கிடக்கும். தொலைவு வரை நீளும் பரவல் சார்புகள் இல்லாமல் எலக்ட்ரான் நாட்டத்தை, அதாவது ஒரு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றலை, கணக்கிட்டால் அந்த எண்ணை நம்பவே முடியாது. சரி என்று பெரிய மூலக்கூறின் எல்லா அணுக்களிலும் அவற்றைப் போட்டால், பக்கத்துப் பக்கத்துச் சார்புகள் ஏறக்குறைய ஒன்றுபோலாகி, ஒன்றை மற்றவற்றால் எழுதிவிடலாம் என்ற 'நேரியல் சார்புடைமை' எச்சரிக்கை வரும், விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தும் சுழற்சிக் கணக்கும் ஒரு முடிவில் நிற்காமல் அலையும். அதனால் மின்சுமை நிற்கும் ஆக்சிஜன், ஃபுளூரின் போன்ற அணுக்களுக்கு மட்டும் சேர்த்துவிட்டு, ஹைட்ரஜன்களை விட்டுவிடச் சொல்வேன். முக்கால்வாசிக் கோப்புகளுக்கு அதுவே போதும்.