சண்டை எப்படி முடிந்தது என்று குழந்தைக்குச் சொல்லுங்கள்

ஜூன் 3

பெற்றோர் சண்டை போடும்போது குழந்தை சும்மா இருப்பதில்லை. ஏதாவது ஒரு வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. நாலு வயதுக் குழந்தை கையில் இருப்பதைத் தூக்கி எறியும். கோபம் தன் பக்கம் திரும்பினால் அவர்களுக்குள் சண்டை நின்றுவிடும் என்பது அதற்குப் பழக்கத்தில் தெரிந்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளை நடுவில் புகுந்து சமாதானம் பேசும். பதின்வயதில் ஹெட்போன். இன்னொரு வகை, சொல்லாமலே தம்பியைத் தூங்கவைத்துப் பாத்திரமும் தேய்த்துவைக்கும் பிள்ளை. எனக்கு அதிகக் கவலை இந்தப் பிள்ளையைப் பற்றித்தான். "பொறுப்பான பிள்ளை" என்று பாராட்டுவார்களே தவிர, "உனக்கு எப்படியிருக்கு?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஜூன் 5

"அது தூங்குது, ஒண்ணும் தெரியாது" என்று கைக்குழந்தையைப் பற்றிச் சொல்வார்கள். அப்படியில்லை. 2013இல் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கு, தூங்கும்போதே, கோபக் குரலைக் கேட்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். சண்டை அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளிடம், மன அழுத்தத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புள்ள பகுதிகள் கூடுதலாக இயங்கின. பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தீர்வல்ல. கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

ஜூன் 9

உளவியல் ஆய்வாளர்கள் கம்மிங்ஸ், டேவிஸ் இருவரும் 1994இல் முன்வைத்த கருத்து: குழந்தை யார் சொல்வது சரி என்று பார்ப்பதில்லை, இந்தக் குடும்பம் நிலைக்குமா என்றுதான் பார்க்கிறது. பெரியவர்கள் சமாதானமாவதைக் கண்ட பிள்ளைகளின் தவிப்பு நன்றாகக் குறைந்ததைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் சமாதானமாகி, அதைப் பிறகு சொன்னாலும் பலன் உண்டு.

ஆகவே அன்றே, தூங்கப்போகும் முன், முடிந்தால் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள்: "சாயங்காலம் நாங்க சத்தம் போட்டோம். அது உன்னால வந்ததில்லை. நீ சரிபண்ண வேண்டியதும் இல்லை. பேசி முடிச்சிட்டோம்." முடியவில்லையென்றால், "இன்னும் முடியலை, நாளைக்குப் பேசுவோம்." பொய்ச் சமாதானம் எடுபடாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நிமிடம் போதும். நீட்டினால் பேச்சு தன் தரப்பு நியாயமாகி, "நீயே சொல்லு, யார் மேல தப்பு?" என்பதில் போய் நிற்கும். பிள்ளை எந்தப் பதில் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம் செய்ததாகவே நினைக்கும்.

ஜூன் 10

"உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு." பிள்ளையைத் தூது அனுப்பும் இந்த ஒரு வாக்கியத்தை நிறுத்தினாலே அதன் பாதி பாரம் இறங்கும்.

ஜூன் 16

மார்க், போன், வீட்டுப்பாடம் என்று பிள்ளையை வைத்தே வரும் சண்டைதான் "எல்லாம் என்னாலதான்" என்ற எண்ணத்தை விதைக்கிறது. அந்தப் பேச்சைப் பிள்ளை காதில் விழாத இடத்துக்கு மாற்றுங்கள். காலையில் மட்டும் வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வருவது, இவற்றுக்கு முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் கோளாறு இல்லையென்றால் வீட்டுச் சூழலைப் பாருங்கள். "பயமா இருந்துச்சா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "நாங்க சண்டை போடும்போது நீ என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். அது எந்த வேலையைச் சுமக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடி விழுகிற வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. அங்கே பேச்சைவிடப் பாதுகாப்புதான் முதல் வேலை: குறுக்கே வரக் கூடாது, எந்த அறைக்குப் போக வேண்டும், எந்தப் பெரியவரை எந்த எண்ணில் கூப்பிட வேண்டும். இதைச் சண்டையில்லாத நாளில், பிள்ளை திருப்பிச் சொல்லும்வரை சொல்லிக்கொடுங்கள்.