டெபிட் நோட்டுக்கு ஒரு பதில் கடிதம்

திருப்பூரில் ஒப்பந்தத் தகராறு பெரும்பாலும் டெபிட் நோட்டாகத்தான், அதாவது பில்லில் இவ்வளவு கழித்துக்கொள்கிறோம் என்று எழுதிய தாளாகத்தான் வந்து சேரும். துணியில் அச்சடிக்கிற ரோட்டரி பிரிண்டிங் யூனிட்டில் கணக்கு பார்க்கிற நான் அவற்றை நிறையவே படித்திருக்கிறேன்.

துணி தாமதமாகப் போயிருக்கும். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் வாய் திறக்காமல் இறக்கிக்கொண்டு, தைத்து, அனுப்பியும் விடுவார்கள். பில் பணத்துக்குப் போய் நின்றால், "உங்களாலதானுங்க ஏர்ல போச்சு" என்று, கப்பலுக்குப் பிந்திய சரக்கை விமானத்தில் அனுப்பிய செலவைப் போட்டு ஒரு தாளை நீட்டுவார்கள். பில்லில் பாதி அதோடு சரி.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவை ஜாப் ஒர்க், அதாவது பிறர் துணியில் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நாள் முக்கியம் என்று பேசிய வேலை பிந்தி வந்தும் ஒருவர் வாங்கிக்கொண்டால், 'இந்தத் தாமதத்துக்கு நஷ்ட ஈடு கேட்பேன்' என்று வாங்கும்போதே தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு கேட்க முடியாது. பி.ஓ.வில் (ஆர்டர் தாளில்) அபராதத் தொகை போட்டிருந்தாலும், 74ஆம் பிரிவுப்படி அதுதான் உச்சவரம்பு. கிடைப்பது நியாயமான ஈடு மட்டுமே. ஆனால் ஷிப்மென்ட் தேதியை முன்பே நம்மிடம் சொல்லி, பிந்தியதும் எழுத்தில் எச்சரித்தும் இருந்தால் ஏர் செலவு நம் தலையில் விழலாம். அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒருமுறை பதில் எழுதலாம் என்றபோது முதலாளி தயங்கினார். "கேஸு கீசுன்னு போனா அடுத்த ஆர்டர் வருமாங்க?" நியாயமான கேள்விதான், எந்தப் பிரிவிலும் அதற்குப் பதில் இல்லை. கேஸ் வேண்டாம், கடிதம் போதும் என்றேன். டெலிவரி சலானில் இருந்த, சரக்கு வந்ததற்கான அவர்களுடைய இன்வர்டு சீல், ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி அச்சு) அப்ரூவலை அவர்களே இழுத்தடித்த ஈமெயில்கள் எல்லாவற்றையும் இணைத்தோம். சிறு தொழில்களுக்கு அரசு தருகிற உத்யம் பதிவு எண்ணையும் போட்டோம். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் டெலிவரி நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணம் அந்த நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தப் பாக்கிகளை விசாரிக்கிற வசதியாக்கக் கவுன்சிலில் முறையிட்டு நமக்குச் சாதகமாகத் தீர்ப்பானால், அதை எதிர்த்துப் போக அவர்கள் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும்.

கவுன்சில் வரை போகவில்லை. டெபிட் நோட்டில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த பி.ஓ.வில் மட்டும், 'பிந்தி வந்த துணியை வாங்கிக்கொண்டாலும் எங்கள் உரிமை போகாது' என்று புதிதாக ஒரு வரி. முதலாளி அதை அடிக்கவில்லை. 'ஸ்ட்ரைக் ஆஃப் அப்ரூவல் வந்த நாளிலிருந்தே நாள் கணக்கு' என்று பக்கத்தில் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவர்களும் சீல் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.