இறங்கணும்னா முதல்ல ஏறணும்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பாசடருக்கு அடியில் கிரீஸ் அடிக்கப் படுத்தவன் அப்படியே மாட்டிக்கொண்டேன். வண்டிக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. வெளியே தெரிந்த என் இரண்டு கால்களைப் பார்த்து, "ஏங்க, காப்பி அங்கயே கொண்டாரட்டுங்களா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். நக்கலா அக்கறையா என்று திரும்பி முகத்தைப் பார்க்கலாமென்றால் கழுத்தும் திரும்பவில்லை.

வண்டி அப்பா வாங்கியது. 1984 மாடல், மார்க் 4. மேற்கு வங்காளத்து உத்தரப்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தியையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் நிற்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, பழனி என்று எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் இதில் ஏறி இறங்கியவர்கள். இந்தக் காலத்து வண்டி மாதிரி இல்லை, இதற்கு அடியில் நிறைய கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் ஏற்றுகிற சின்ன முனைகள். வேளாவேளைக்கு ஊட்டவில்லையென்றால் அழ ஆரம்பித்துவிடும். ஐம்பத்துமூன்று வயதில், அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்து, கண்ணில் ஆயில் சொட்ட ஊட்டுவது இனி ஆகாது, ஒரு லிஃப்ட் போட்டுவிடுவது என்று அந்த அட்டை மேலேயே முடிவெடுத்தேன்.

லிஃப்ட் என்றதும் வீட்டுக்காரி மாடிக்குப் போகிற லிஃப்ட் என்று நினைத்து இரண்டு நாள் ரொம்ப அன்பாக இருந்தாள். மூன்றாம் நாள்தான் காருக்கு என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் ரசம் சாதம்.

குழி வெட்டிக்கொள்ளலாமே என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். அந்தக் காலத்துப் பட்டறையெல்லாம் அப்படித்தான். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். குழிக்குள் போய்த் தேங்கி நிற்கும், கீழே ஒரு பல்பு உடைந்தால் போதும். இதை நான் அம்மாவிடம் விளக்குவதற்குள், "வாசல்ல ஆளுயரத்துக்குக் குழி வெட்டறது எதுக்குன்னு ஊருக்கே தெரியும் கண்ணு, அதெல்லாம் வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

சரி, ரெண்டு தூண் லிஃப்ட். ஆசைப்பட்டது அதற்குத்தான். இரண்டு பக்கமும் இரும்புத் தூண், நான்கு கைகள் நீண்டு வந்து வண்டியை அப்படியே அள்ளித் தூக்கும், சக்கரமெல்லாம் அந்தரத்தில் தொங்கும். யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் வீட்டிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே கார் நிறுத்துகிற இடத்துக்கு விடுகிற உயரத்தில் நாம் கல்யாண மண்டபமே கட்டிவிடுவோம். டேப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கள் போர்டிகோவை அளந்தேன். பீமுக்கு அடியில் 9 அடி 3 அங்குலம். அம்பாசடர் உயரம் 5 அடி 3 அங்குலம். லிஃப்ட் தூக்குவது 6 அடி. கூட்டிப் பார்த்தால் 11 அடி 3 அங்குலம் வருகிறது. மறுபடி கூட்டினேன். பேனாவை மாற்றியும் கூட்டினேன்.

"முழுசாத் தூக்க வேண்டாங்க, பாதி தூக்கிக்கலாம்" என்றார் மெக்கானிக். பாதி தூக்குவதற்கு எதற்கு முழுத் தூண் என்று நான் கேட்கவில்லை. ஆசை அப்படி.

அடுத்தது தரை. அந்தத் தூண் ஒவ்வொன்றையும் ஐந்தாறு ஆங்கர் போல்ட்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். கான்கிரீட் குறைந்தது 4 அங்குல கனமாவது இருக்க வேண்டும், 6 இருந்தால் நிம்மதி. எங்கள் தரை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? மேஸ்திரி வந்து ஓரத்தில் ஒரு டைல்ஸைப் பெயர்த்துத் துளை போட்டார். இரண்டரை அங்குலம் போனதும் டிரில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. "மண்ணுங்க" என்றார். உள்பக்கம் இன்னொரு இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று அவர் டிரில்லைத் தூக்கிய நேரத்தில்தான் உள்ளேயிருந்து அலறல் வந்தது.

"ஐயோ, அங்க தண்ணித்தொட்டி இருக்குது! சிறுவாணித் தண்ணியில ஓட்டை போடறீங்களா?"

கோயமுத்தூரில் புருசனை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார்கள், சிறுவாணித் தண்ணியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வாஸ்துப்படி ஈசானிய மூலையில் தொட்டி என்று வீடு கட்டும்போது நான்தான் மார்தட்டிச் சொன்னேன். போர்டிகோவின் உள்பாதி முழுக்க அந்தத் தொட்டிதான். அந்தப் பக்கம் லிஃப்ட் என்ற பேச்சே கூடாது என்று மேஸ்திரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். மிச்சம் கேட்டை ஒட்டிய வெளிப்பாதி. பின்னால் வரப்போகும் வம்புக்கு இங்கேதான் பிள்ளையார் சுழி விழுந்தது. அன்றைக்கு அது தெரியவில்லை.

ரெண்டு தூண் கனவுக்குக் கடைசி ஆணியை அடித்தது துரு. இந்த மாதிரி லிஃப்டின் கைகள் வண்டியின் வயிற்றை நான்கே இடத்தில்தான் தாங்கும். அம்பாசடருக்கு அடியில் தாங்குகிற சட்டம், அதான் சேஸிஸ், தனியாகக் கிடையாது, பாடிதான் எல்லாம். மெக்கானிக் அண்ணன் ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் அடியில் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். இடது பின்பக்கம் மட்டும் பொத். "இந்த இடத்துல கை வெச்சா கை மட்டும் மேல வருமுங்க" என்றார். அதை அடைத்து வெல்டிங் வைக்கத் தனிச் செலவு.

நாலு தூண் லிஃப்டில் அந்தப் பயமில்லை. இரண்டு நீளப் பலகை மேல் வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கும். ஆனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் மேலே போன பிறகு இன்னொரு ஜாக்கி வைக்க வேண்டும். அதோடு, அதைப் போட்டால் கேட் திறக்காது.

இதற்கிடையில் எதிர் வீட்டுப் பட்டறைக்கார அண்ணன். கோயமுத்தூரில் எங்கள் கணபதி பகுதியில் எந்தத் தெருவில் நின்று "ஒரு மிஷின் வாங்கப்போறேன்" என்று சொன்னாலும், நாலு லேத்திலிருந்து நாலு பேர் எழுந்து வருவார்கள். "ரெடிமேட் எதுக்குங்க? நம்ம பட்டறையிலயே அடிச்சுரலாம். பம்பு செட்டுக்கு வாங்கின சேனல் மிச்சம் கெடக்குது" என்றார். காருக்கு அடியில் உட்காரப்போவது யார் என்று கேட்டேன். "நீங்கதானுங்க" என்றார், தயங்காமல். நான்தான் தயங்கினேன்.

கடைசியில் தேர்வானது கத்தரி லிஃப்ட். தரையோடு தரையாகப் படுத்திருக்கும், பட்டனை அமுக்கினால் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து ஒரு மீட்டர் வரை தூக்கும். மேலே பீமுக்கு எட்டு அங்குலம் போல மிச்சம். வயிற்றை அகலமான பட்டைகளில் தாங்குவதால் துரு இல்லாத இடமாகப் பார்த்து ரப்பர் கட்டை வைத்துக்கொள்ளலாம். வண்டியின் நடுவயிற்றை அதுவே மறைத்துக்கொள்ளும் என்பது ஒரு குறை. நிற்க முடியாது, முக்காலி போட்டு உட்காரலாம். படுப்பதற்கு உட்கார்வது மேல் இல்லையா. விலை எனக்கு ஒன்று, வீட்டில் சொன்னது ஒன்று. இங்கே எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், வேண்டாம்.

வெளிப்பாதியைத் தோண்டி, கம்பி கட்டி, 6 அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டோம். முழு வலு ஏற 28 நாள். அம்மா காலையில் வாசல் தெளிக்கும்போது அதற்கும் சேர்த்துத் தண்ணீர் விட்டார். இருபதாம் நாள் அதன் மேல் கோலமே போட்டிருந்தார்.

லிஃப்ட் வந்தது. பொருத்த வந்த பையன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான். "சார், தூக்கினதும் லாக்குல உக்கார வெச்சுருங்க. ஆயிலை நம்பி விடாதீங்க, லாக்குதான் உயிரு. எறக்கும்போது அப்படியே எறங்காது. மொதல்ல பட்டனை அமுக்கிக் கொஞ்சம் மேல தூக்கி, லாக்கை விடுவிச்சு, அப்புறம் எறக்கணும். எறங்கணும்னா மொதல்ல ஏறணும், அவ்வளவுதான்." ஏதோ சித்தர் பாட்டு மாதிரி இருந்தது. தலையாட்டினேன்.

தை மாதம், ஒரு புதன்கிழமை ராத்திரி. வண்டியை ஏற்றி, லாக்கில் உட்கார வைத்து, முக்காலியில் அமர்ந்து கிரீஸ் அடித்தேன். கண்ணில் ஒரு சொட்டு விழவில்லை. எஞ்சின் ஆயிலின் அடித்திருகைக் கழற்றி, விடிய விடிய வடியட்டும் என்று சட்டியை வைத்துவிட்டுப் படுத்தேன். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன், புதுமாப்பிள்ளை மாதிரி.

வியாழக்கிழமை காலை பொள்ளாச்சியில் சொந்தத்தில் கல்யாணம். பத்தரை மணி முகூர்த்தம். அம்மாவும் வீட்டுக்காரியும் பட்டுப்புடவையில் வந்து நின்றபோது மணி ஒன்பது ஐந்து. நாங்கள் போக வேண்டிய சின்ன கார் உள்ளே, தண்ணித்தொட்டிக்கு மேலே. அதற்கும் கேட்டுக்கும் நடுவில், ஒரு மீட்டர் உயரத்தில் அம்பாசடர். "ரெண்டே நிமிசம்" என்று சொல்லிப் பட்டனை அமுக்கினேன்.

ஒரு சத்தமும் இல்லை.

"இன்னைக்கு ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் கரண்ட் இல்லையே கண்ணு. நேத்து பேப்பர்லயே போட்டிருந்தானே" என்றார் அம்மா. மாதாந்திரப் பராமரிப்பு. அம்மா ராத்திரியே மாவு ஆட்டி வைத்திருந்தார். வீட்டுக்காரி மேல்தொட்டியை நிரப்பி வைத்திருந்தாள். தெருவே தயாராக இருந்திருக்கிறது.

இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். ஏற வேண்டுமென்றால் கரண்ட் வேண்டும். மோட்டார் 2.2 கிலோவாட், வீட்டு இன்வெர்ட்டர் 900 விஏ. அது ஃபேனுக்கே மூச்சு வாங்குகிற ஜாதி. எதிர் வீட்டு அண்ணன் காப்பி டம்ளரோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "நம்ம பட்டறையில அடிச்சிருந்தா ஒரு கைப்பம்பு வெச்சுக் குடுத்திருப்பனுங்க" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இரண்டு பேரும் கால் டாக்ஸியில் போனார்கள். வீட்டுக்காரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்ஸி டிரைவரிடம் நிறையப் பேசியிருப்பாள்.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. மண்டபத்திலிருந்து பெரிய மாமா. எண்பது வயது, காது மந்தம், அப்பாவோடு இதே வண்டியில் ஊரெல்லாம் சுற்றியவர். வண்டி எங்கே என்று அவர் கேட்டதற்கு வீட்டுக்காரி வெடுக்கென்று, "அது மேல போயிருச்சுங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

"மாப்பிள்ளை, இப்பத்தான் கேள்விப்பட்டேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "உங்கப்பா ஆசை ஆசையா வாங்கினது. நாப்பது வருசம் நல்லாத்தான் இருந்துச்சு. மனசைத் தேத்திக்குங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா..."

"எப்ப எடுக்கறீங்க?"

"அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்துருமுங்க. வந்ததும் எடுத்துருவேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இப்பெல்லாம் வண்டிக்கும் கரண்ட்லதானா?" என்றார் மாமா.