போரோபுதூரின் தென்கிழக்கு மூலை

மத்திய ஜாவாவிலுள்ள போரோபுதூர் என்ற பழம்பெரும் பௌத்த நினைவுச்சின்னத்தில் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது, உச்சியிலுள்ள 72 துளைத் தூபிகளைவிட, தென்கிழக்கு மூலையில் திறந்து விடப்பட்டிருக்கும் பழைய அடித்தளமே. 1885ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட அந்த மறைவான அடித்தளத்தின் 160 புடைப்புச் சிற்பங்களும் படமெடுக்கப்பட்டபின் மீண்டும் மூடப்பட்டன. இன்று இந்த மூலையில் மட்டும் சிலவற்றைப் பார்க்கலாம். கோணிய முகங்களுக்கு மேலே, சிற்பிக்கான குறிப்பாக வெட்டப்பட்ட ‘விரூப’ (அவலட்சணம்) என்ற சொல் அழியாமல் நிற்கிறது.

மழைநீர் உள்ளிருக்கும் மண்குன்றில் இறங்கிச் சுவர்களைச் சாய்த்ததே பெருங்கேடு. 1907 முதல் 1911 வரை டச்சுப் பொறியாளர் தியோடோர் வான் எர்ப் மேற்கொண்ட சீரமைப்பிலும் அது தீரவில்லை. யுனெஸ்கோவின் துணையுடன் 1983இல் நிறைவுற்ற பணியில்தான், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைக் கழற்றி, எண்ணிட்டு, தூய்மை செய்து, உள்ளே வடிகால் அமைத்தபின் மீண்டும் அடுக்கினார்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.